அப்பா பொரித்த சீஸ்

சீஸ் துண்டை எண்ணெயில் போட்டதும் முதலில் ஒரு சீறல் எழும், அப்புறம் ஓட்டு வீட்டின் மேல் மழை பெய்கிற மாதிரி ஒரே சீரான சத்தம், கடைசியில் அந்தச் சத்தம் ஒரு படி இறங்கும். இறங்குவதற்குச் சற்று முன்னால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பது உருகி மேல்மாவைப் பிய்த்துக்கொண்டு வெளியே வழிந்து சட்டி முழுக்கப் பாழாகிவிடும். பதினோரு வயதில் இதைக் காதால் கேட்டே தெரிந்துகொண்டேன். அந்த வயதில் வேறு எதையும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை, கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. இன்றைக்கும் எந்த வீட்டு அடுப்படியிலிருந்து அந்தச் சத்தம் வந்தாலும் கைவேலையை விட்டுவிட்டு நின்று கேட்கிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டைக்குப் போகிற சாலையில் பாசன வாய்க்காலைத் தாண்டி உள்ளே இருக்கிறது. சொந்தமாகக் கொஞ்சம் நிலம், அதற்கு மேல் குத்தகைக்குக் கொஞ்சம் என்று நெல் போட்டுக்கொண்டிருந்த அப்பா, ஆற்றில் தண்ணீர் வராமல் இரண்டு குறுவை தொடர்ந்து கைவிட்டுப் போனதும், ஊரில் பல பேர் செய்ததைத் தானும் செய்து குவைத்துக்குக் கிளம்பினார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அட்டைப்பெட்டியை நைலான் கயிற்றால் கட்டி, அதில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொண்டுவருவார். பெட்டிக்குள் சோப்பு, தைலம், பால் பவுடர், எங்களுக்குத் துணி, அடியில் நீல நிறத்தில் வட்டமான நாலைந்து சீஸ் டின்கள். சீஸ் என்ற சொல் எங்கள் வீட்டில் அவ்வளவாகப் புழங்கவில்லை. அம்மா அதற்கு "டின்கட்டி" என்று பெயர் வைத்திருந்தாள். ஆரம்பத்தில் அதை என்ன செய்வதென்று தெரியாமல் தோசைக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தாள். உப்புப் போட்ட சோப்பு மாதிரி இருக்கிறது என்று அக்கா துப்பிவிட்டாள்.

குவைத்தில் அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கம்பெனியில சூப்பர்வைசர்" என்று சொல்ல வேண்டும். இது பெரியப்பா போட்ட சட்டம். உண்மையில் அப்பா ஒரு பெரிய ஹோட்டலின் சமையல்கூடத்தில், பொரிக்கிற அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பாத்திரம் கழுவுகிற வேலைக்குப் போனவரை, கைச்சுத்தம் பார்த்து அடுப்புக்கு ஏற்றியிருந்தார்கள். எந்த வீட்டிலும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயம்தான். ஆனால் நிலம் வைத்திருக்கிற குடும்பம் என்ற மிதப்பு, அந்த நிலத்தில் விளைச்சல் இல்லாதபோதுதான் அதிகமாக இருக்கும் போலிருக்கிறது. "நம்ம வீட்டு ஆம்பளை அடுத்தவனுக்குக் கரண்டி பிடிக்கிறான்னு தெரிஞ்சா, பொண்ணுங்களுக்கு எவன் வருவான்?" என்று பெரியப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார். அம்மாவும் சரி என்றாள். அப்பாவை யாரும் கேட்கவில்லை.

எனக்கு விஷயம் தெரிந்தது, நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் அவர் விடுப்பில் வந்தபோதுதான். அவருடைய முன்னங்கையில் சின்னச் சின்னதாகக் காசு அளவில் தழும்புகள் இருந்தன. சூப்பர்வைசருக்கு இது எப்படி வரும் என்று நான் நச்சரித்ததில், அம்மா இல்லாத நேரம் பார்த்து, எண்ணெய் தெறித்தது என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல், வா செய்து காட்டுகிறேன் என்று ஒரு டின்னைத் திறந்துவிட்டார்.

அந்த மாலைப்பொழுதை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, துண்டை இடுப்பில் முன்பக்கமாகக் கட்டிக்கொண்டார். அவ்வளவுதான், வேறு மனிதராகிவிட்டார். வயலிலும் சரி, பெரியப்பாவின் முன்னாலும் சரி, எப்போதும் யாரிடமோ அனுமதி கேட்கிற மாதிரி நிற்கிறவர், எங்கள் அடுப்படியில் அன்று அப்படி நிற்கவில்லை. சீஸை விரல் நீளத்துக்கு வெட்டி, வெள்ளைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்து, மைதாவில் புரட்டி, மைதாவும் சோள மாவும் கரைத்த கரைசலில் முக்கி, ரொட்டிக்கடை ரஸ்க்கை இடித்து வைத்திருந்த தூளில் உருட்டி, மறுபடியும் கரைசல், மறுபடியும் தூள். "ஒரு சட்டை போதாது, ரெண்டு சட்டை போடணும்" என்றார். அங்கே முட்டையில் தோய்ப்பார்களாம். அப்புறம் அத்தனையையும் தட்டில் அடுக்கி ஃப்ரீசரில் வைத்து, கல் மாதிரி ஆனபின் எடுத்து, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் நாலு நாலாகப் போட்டார். அதற்கு மேல் போட்டால் எண்ணெய் சூடு இறங்கிவிடும் என்றார். அந்த நேரம் முழுக்க ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டே இருந்தார். அதற்கு முன் அவர் பாடி நான் கேட்டதே இல்லை. தட்டில் வைத்ததும் துண்டு நுனியால் தட்டின் விளிம்பை ஒரு சுற்றுத் துடைத்து என் முன்னால் நீட்டினார். கடித்தேன். வெளியே முறுக்கைப் போல நொறுங்கியது, உள்ளே சூடாக நூல் நூலாக இழுத்தது. உப்புச் சோப்பு இப்படி ஆகுமா என்று எனக்கு நம்பவே முடியவில்லை. அக்கா ஆறு துண்டு தின்றாள். அம்மாகூட நின்றபடியே இரண்டு தின்றுவிட்டு, "வெளியில மூச்சு விடப்படாது" என்று என் காதைத் திருகினாள்.

அந்த விடுப்பிலேயே அக்காவைப் பெண் பார்க்க நீடாமங்கலம் பக்கத்திலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. பையனுக்கு அரசாங்க வேலை. அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு, ஏற்கெனவே இரண்டு இடம் ஜாதகத்தில் தட்டிப்போயிருந்ததால், இது அமைந்துவிட வேண்டும் என்று அம்மா வேண்டாத தெய்வமில்லை. பெண் பார்க்க வந்தால் பஜ்ஜியும் சொஜ்ஜியும்தான் எங்கள் பக்கத்து வழக்கம். பெரியப்பா அதுவே போதும் என்றார். அம்மாவுக்குப் போதவில்லை. வெளிநாட்டுக்காரர் வீடு என்று காட்டிக்கொள்ள வேண்டாமா? "பஜ்ஜி எல்லா வீட்டுலயும் திம்பாங்க, டின்கட்டி எவ வீட்டுல குடுப்பா?" என்று கேட்டு அவளே முடிவும் செய்துவிட்டாள். அப்பா காலையிலேயே எல்லாவற்றையும் புரட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுவது, வந்தவர்களோடு வெள்ளை வேட்டி சட்டையில் கூடத்தில் உட்கார்ந்துகொள்வது, அம்மா எண்ணெயில் போட்டு மட்டும் எடுப்பது என்று ஏற்பாடு.

இங்கே எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அடுப்படியில் இல்லை. கூடத்தில், வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிற இடத்தில், அம்மா பின்னிய வெள்ளை நூல் விரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியோடு நின்றது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஃப்ரிட்ஜ் வாங்கிய எல்லா வீட்டிலும் இதே கதைதான். அவ்வளவு பணம் போட்டு வாங்கியதை அடுப்படிக்குள் ஒளித்து வைக்க யாருக்கு மனசு வரும்? தண்ணீருக்கும் தயிருக்கும் அம்மா நாளைக்கு நாற்பது தடவை நடந்தாள், நடந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் என்பதால் மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள், இரண்டே காலுக்கே வந்து இறங்கிவிட்டார்கள். காலையில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல் போயிருந்ததால், ஃப்ரீசரில் இருந்தது இன்னும் சரியாக இறுகவில்லை. அம்மா பதற்றத்தில், வாழைக்காய் பஜ்ஜிக்குப் போடுகிற பழக்கத்தில், ஒரே தடவையில் பத்துப் பன்னிரண்டை அள்ளிப் போட்டுவிட்டாள். எண்ணெய் சூடு இறங்கி, மாவு பிரிந்து, சீஸ் வழிந்து, சட்டி முழுக்க மஞ்சள் நுரை. பட்டுப்புடவையில் உள்ளறையில் உட்கார்ந்திருந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். கூடத்தில் பையனின் தாய்மாமன் நெல் கொள்முதலைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருக்க, அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் காது அங்கே இல்லை என்று கதவோரம் நின்ற எனக்குத் தெரிந்தது. அந்தச் சத்தம் இறங்கிப்போனதைக் கேட்டிருக்கிறார். "ஒரு நிமிஷம்ங்க, இதோ வந்துடறேன்" என்று எழுந்தார். பெரியப்பா முறைத்த முறைப்பையும் மீறி உள்ளே வந்துவிட்டார்.

வந்தவர் யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. எண்ணெயை மாற்றி, அடுப்பைக் கூட்டி, சட்டையைக் கழற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, "மிச்சத்தை மொத்தமா எடுக்காத. நாலு நாலா கொண்டா. உள்ளயே இருக்கட்டும், இறுகட்டும்" என்றார். நான் திரும்பும்போது கையைப் பிடித்து நிறுத்தி, "யாராச்சும் கேட்டா அம்மா செஞ்சதுன்னு சொல்லு, என்ன?" என்றார். "சரிப்பா" என்றேன்.

நாலு நாலாக எடுத்துவர நான் வந்தவர்களின் நடுவே, அந்தக் கூடத்து ஃப்ரிட்ஜுக்குப் போய்ப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. முதல் தடவை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் தடவை பையனின் அம்மா சிரித்தாள். மூன்றாம் தடவை அந்தத் தாய்மாமன், "என்ன பாப்பா, உள்ள போனவர் வரவே காணோம்? பொட்டிக்குள்ளேர்ந்து என்ன எடுத்துட்டு ஓடுற?" என்று கேலியாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. எங்கள் வீட்டைக் கேலி செய்கிறார்கள் என்று தோன்றியது. இவர்களுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தால் வாயைப் பிளப்பார்கள் என்று நினைத்தேன். அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்த மிகப் பெரிய விஷயத்தை எடுத்து வீசினேன்.

"சீஸ். எங்கப்பாதான் பொரிக்கிறாங்க. அம்மாவுக்கு வரலை. அப்பா குவைத்துல பெரிய ஹோட்டல்ல இதைத்தான் செய்றாங்க. அவங்க அளவுக்கு அங்க யாருக்கும் வராதாம்."

பெரியப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. கையிலிருந்த தட்டு குளிரில் விரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியே உள்ளே ஓடினேன். அப்பாவிடம் சொல்லவில்லை. பயம். அவர் பாட்டுக்கு முனகிக்கொண்டே கடைசி நாலையும் போட்டு எடுத்து, தட்டின் விளிம்பைத் துடைத்து, அம்மாவிடம் கொடுத்துவிட்டு, முகம் கழுவி, சட்டை மாட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி கூடத்துக்குப் போய் உட்கார்ந்தார். முழங்கைக்கு மேலே ரஸ்க் தூள் ஒட்டியிருந்தது.

தட்டு வந்தது. தின்றார்கள். நன்றாகவே தின்றார்கள், அதை நான் ஒருநாளும் மறக்க மாட்டேன். பஜ்ஜி அப்படியே இருக்க, சீஸ் தட்டு மட்டும் காலியாகிக்கொண்டே வந்தது. தாய்மாமன் மூன்றாவதை எடுத்துக்கொண்டே, "சூப்பர்வைசர்னு சொன்னாங்க..." என்று இழுத்தார். அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். என் முகமே சொல்லிவிட்டிருக்கும். "இல்லங்க. ஹோட்டல் கிச்சன்ல இருக்கேன். பொரிக்கிற வேலை" என்றார். அந்த வீட்டில் அன்று உண்மை பேசிய ஒரே பெரிய மனுஷர் அவர்தான். தாய்மாமன் "ஓகோ" என்றார். நாலாவதையும் எடுத்துக்கொண்டார்.

ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். நாலு நாள் கழித்துத் தரகர் வந்து சொன்னார். பெண் லட்சணமாகத்தான் இருக்கிறதாம், சமையல் வேலை என்பதுகூடப் பெரிய விஷயம் இல்லையாம், மறைத்ததுதான் மனசுக்குச் சங்கடமாக இருக்கிறதாம். எவ்வளவு நாசூக்கான மனசு! உண்மையைச் சொல்லியிருந்தால் எங்கள் வாசலை மிதித்திருப்பீர்களா என்று கேட்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வாயில்லை. பெரியப்பா என்னை அடித்தார். அம்மா தடுக்கவில்லை. அப்பாதான் வந்து இழுத்துக்கொண்டார். "பெருமையில சொல்லிட்டா, விடுண்ணே" என்றார். அடி வலித்ததைவிட எனக்கு அது வலித்தது. அக்கா என்னோடு பேசாமல் இருக்கவில்லை, முகம் திருப்பவில்லை. ஒரு வாரம் கழித்துத் தலைவாரிக்கொண்டே, "எனக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருந்துச்சுடி" என்று மட்டும் சொன்னாள். மூன்று வருஷம் கழித்துத் திருவாரூர்ப் பக்கம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. அத்தான் நல்ல மனுஷர், அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஆனாலும் அந்த வாக்கியத்தை அக்கா திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை.

அப்பா விடுப்பு முடிய மூன்று வாரம் இருக்கும்போதே கிளம்பிவிட்டார். அடுத்த தடவை வந்த அட்டைப்பெட்டியில் டின்கட்டி இல்லை. முழுக்கைச் சட்டை போட்டிருந்தார், தழும்பு தெரியவில்லை. சட்டைப்பையில் ஒரு பேனா செருகியிருந்தார். அவர் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட அடுப்படிக்குள் வராமல் கூடத்திலிருந்தே அம்மாவைக் கூப்பிட்டார்.

போன வருஷம் நீடாமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் அந்தத் தாய்மாமனைப் பார்த்தேன். கிழவராகியிருந்தார், ஆனால் பந்தியில் கை ஓயவில்லை. மண்டப வாசலில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் போர்டு. வெள்ளைக் கோட்டும் உயரத் தொப்பியுமாக ஒரு பையன் கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன்தான் மாப்பிள்ளை, அவருடைய பேரனாம். என்னை யாரென்று தெரியாமலே பக்கத்தில் உட்கார்ந்து, "பேரன் செஃப்மா. வெளிநாட்டுல பெரிய ஹோட்டல்ல" என்றார். "சமையல் வேலைங்களா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "சேச்சே, சமையல்காரன் வேற, செஃப் வேறம்மா" என்று எனக்குப் பாடம் எடுத்தார். எழுந்து வந்துவிட்டேன். வண்டியில் வரும்போது தஞ்சாவூர் வரைக்கும் அழுதேன், எல்லாம் ஆத்திரம்தான்.

இப்போது அப்பா தஞ்சாவூரில் என் வீட்டில் இருக்கிறார். அம்மா போய் ஐந்து வருஷம் ஆகிறது. நீல டின்கள் எங்கே போயினவோ தெரியாது. தெருமுனைக் கடையிலேயே சீஸ் பாக்கெட்டில் கிடைக்கிறது, பள்ளிக்கூட வாசல் தள்ளுவண்டியில்கூடச் சீஸ் பொரித்துத் தருகிறான். ஃப்ரிட்ஜ் அதற்குரிய இடத்தில், அடுப்படியில் நிற்கிறது. அதன் தலையில் விரிப்பு இல்லை. எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அப்பாவின் சட்டைப்பையில் பேனா மட்டும் இன்னும் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள், பதிமூன்று வயது, தோழிகளை வரச்சொல்லியிருந்தாள். செல்போனில் ஏதோ வீடியோவைப் பார்த்துச் சீஸ் வெட்டி, மாவில் புரட்டி, எண்ணெயில் மொத்தமாகக் கொட்டினாள். நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் இறங்குவது கேட்டது. அதே நேரத்தில் கூடத்தில் டிவி சத்தமும் இறங்கியது. அப்பா ரிமோட்டை வைத்துவிட்டு எழுந்தார். எனக்குத் தெரிந்து, அக்காவைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் அடுப்படிக்குள் கால் வைத்தது அன்றுதான். நான் கதவோரம் நின்று பார்த்தேன். ஜல்லிக்கரண்டியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார், மிச்சத்தைக் காட்டி "ஃப்ரீசர்ல வை" என்றார், எண்ணெயை மாற்றினார். முனகவில்லை, நான் காத்திருந்தேன், கடைசிவரை முனகவில்லை. நாலு நாலாகப் போட்டு எடுத்து, தட்டின் விளிம்பைத் துண்டு நுனியால் துடைத்து அவள் கையில் கொடுத்தார்.

"யாராச்சும் கேட்டா நீ செஞ்சதுன்னு சொல்லு, என்ன?" என்றார்.

"சரி தாத்தா" என்றாள்.

பிள்ளைகள் வந்தார்கள். ஒரே ஆர்ப்பாட்டமாகத் தின்றார்கள். "செம்மையா இருக்குடி, யாருடி செஞ்சா?" என்று ஒருத்தி கேட்டாள். அப்பா டிவிக்கு எதிரே அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், சத்தத்தை இன்னும் கூட்டவில்லை. நான் சொல்லியிருக்கலாம். இதோ உட்கார்ந்திருக்கிறாரே இவர்தான், என் அப்பா, பெரிய ஹோட்டலில் இருபது வருஷம் இதைத்தான் செய்தார் என்று சொல்லியிருக்கலாம். பதினோரு வயதில் சொல்லக் கூடாத இடத்தில் அவ்வளவு பேசிய வாய், இப்போது எனக்கு வரவில்லை.

"நான்தான்" என்றாள் என் மகள். அவள் என்னைப் போல இல்லை, தாத்தாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டாள்.

அப்பா ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.